பாடசாலை றக்பியும் பிரதிநிதித் தெரிவும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

விழா மலர்களில் உதைபந்தாட்டத்தைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். அவற்றை அவர்களுக்கே விட்டுவிட்டு, நம்மவர் அதிகம் கையாளாத றக்பி என்னும் ஆட்டத்தை ஈண்டுப் பொருளாக எடுத்துக்கொண்டேன். நம் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர் என் ஆசிரிய வாழ்வின் பெரும்பகுதி கல்முனைப் பகுதியிலே கழிந்தது. மருதமுனை முதல் நிந்தவூர் வரையுள்ள கடற்கரையில், மாலை வேளையில் பந்தொன்றைத் துரத்தி ஓடாத பையனைக் காண்பது அரிது. அப்பையன்களுள் ஒருவன் பொருட்டே இதனை எழுதத் துணிந்தேன். அவனைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண் ஆட்டத்தின் இயல்பு அறியாதார்க்குச் சில சொற்கள். றக்பியிற் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம், கையால் முன்னோக்கி எறிதல் மட்டும் ஆகாது. முன்னேற விழைவோன் தனக்குப் பின்னால் வருவோனுக்கே பந்தை ஈதல் வேண்டும். இவ்விதியே ஆட்டத்தின் உயிர்நாடி. ஓர் அணிக்குப் பதினைவர். அவருள் எண்மர் முன்னணியினர், எழுவர் பின்னணியினர். எதிரியின் கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் ஊன்றுதலை 'ட்ரை' என்பர். 1971 வரை அதற்கு 3 புள்ளிகளே வழங்கப்பட்டன. பின்னர் அது 4 ஆகி, 1992 முதல் 5 ஆயிற்று. இங்கிலாந்தின் றக்பிப் பாடசாலையில் 1823இல் வெப் எல்லிஸ் என்னும் மாணவன் விதியை மீறிப் பந்தைக் கையிலெடுத்து ஓடியதனால் இவ்வாட்டம் பிறந்தது என்னும் கதை உலகெங்கும் வழங்குகிறது. ஆராய்ந்தோர் அதற்குத் தக்க சான்று கண்டிலர். எனினும் 1987 முதல் நடைபெற்றுவரும் உலகப் போட்டியின் கிண்ணம் அம்மாணவனின் பெயரையே தாங்கி நிற்கிறது. கட்டுக்கதைக்கும் கிண்ணம் கிடைப்பதுண்டு போலும்!

இலங்கையில் இதனைப் பாடசாலைக்குள் கொணர்ந்தவர் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியை 1891இல் நிறுவிய எல். ஈ. பிளேஸ் என்னும் ஆசிரியர். பாடசாலைகளுக்கிடையிலான முதலாட்டம் 1906ஆம் ஆண்டு கிங்ஸ்வூட்டுக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே கண்டியில் நிகழ்ந்தது. வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கொழும்பு றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1920இல் மோதத் தொடங்கின. றோயல் அதிபராயிருந்த பிரட்பி வழங்கிய கேடயத்திற்காக 1945 முதல் அவை ஆண்டுதோறும் இருமுறை ஆடி, இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டி வெற்றியைத் தீர்மானிக்கின்றன. ஓராட்டத்தில் தோற்றவன் மற்றோர் ஆட்டத்தில் ஈடுசெய்யலாம் என்னும் இம்முறை எனக்கு மிகப் பிடித்தமானது.

பாடசாலைக்கு வெளியே நிலைமை வேறு. இலங்கை றக்பிச் சங்கம் 1908இல் அமைந்தபோது ஆட்டம் பெரும்பாலும் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரின் கழகங்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது. இலங்கையருக்கென ஒரு கழகம் 1922இலேதான் கொழும்பில் எழுந்தது. 1950இல் பிரித்தானிய சிங்கங்கள் எனப்படும் அணி தாயகம் திரும்பும் வழியிற் கொழும்பில் இலங்கை அணியுடன் ஆடிற்று. ஆசியப் போட்டி 1974இல் கொழும்பில் நடந்தபோது யப்பானுக்கு அடுத்த இடம் இலங்கைக்குக் கிட்டியது. ஆக, நாட்டின் சார்பில் ஆடுதற்கு ஒருவனைத் தெரிவதில் முதலிற் குறுக்கே நின்றது தோலின் நிறம். அது நீங்கியபின் நின்றது கல்லூரியின் பெயர். இன்று நிற்பது பெரும்பாலும் தூரம்.

நம் கரையில் இவ்வாட்டம் ஏன் வேரூன்றவில்லை என வினவுவார்க்கு ஒன்று கூறுவேன். ஆட்டங்கள் தாமாக ஊருக்கு வருவதில்லை. ஓர் ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டே வருகின்றன. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி கூடைப்பந்தாட்டத்திற் புகழ்பெற்றமைக்கு அமெரிக்க யேசுசபைத் துறவியான ஹேபேர்ட் அடிகளாரே காரணர் என்பதை அப்பகுதியார் யாவரும் அறிவர். 1990ஆம் ஆண்டின் கொடுநாட்களில் அவர் காணாமற்போனார். அவர் கற்பித்த ஆட்டம் போகவில்லை. கண்டிக்குப் பிளேஸ் வாய்த்தார். மட்டக்களப்புக்கு ஹேபேர்ட் வாய்த்தார். கல்முனையின் சந்தாங்கேணி மைதானத்துக்கு உதைபந்தும் கிரிக்கெட்டும் கற்பிப்போர் வாய்த்தனர். றக்பிக்கு நெடுங்காலம் ஒருவரும் வாய்க்கவில்லை.

நிற்க. தெரிவு எவ்வாறு நடைபெறுகிறது என்பதே நம் பொருள். மெய்வல்லுநர் போட்டியில் ஒரு மாணவன் பாடசாலையிலிருந்து வலயத்துக்கும், மாகாணத்துக்கும், அகில இலங்கைப் போட்டிக்கும் படிப்படியாக ஏறுகிறான். நூறு மீற்றரை அவன் எத்தனை விநாடியில் ஓடினான் என்பதைக் கடிகாரம் சொல்லும். அவன் பொத்துவிலிற் பிறந்தானா கொழும்பிற் பிறந்தானா எனக் கடிகாரம் கேட்பதில்லை. றக்பியின் வழி அவ்வாறன்று. பாடசாலை அணிகள் தரவாரியாகப் பிரிக்கப்பட்டு லீக் முறையில் ஆடுகின்றன. முதற்பிரிவில் ஆடுவன பெரும்பாலும் கொழும்பு, கண்டிப் பெருங்கல்லூரிகள். பத்திரிகைகள் அவ்வாட்டங்களையே எழுதுகின்றன. தெரிவாளரும் அவற்றையே காண்கின்றனர். பத்தொன்பது வயதுக்குட்பட்ட தேசிய அணிக்கு வீரரை அழைக்குங்கால் கண்ட முகங்களையே அழைத்தல் மனித இயல்பு. அதனைச் சூழ்ச்சி என்று பழித்தல் தவறு. காணாததைத் தெரிதல் எவர்க்கும் இயலாது.

வேறொரு குறையும் உண்டு. அது கொழும்புப் பிள்ளைகளையும் விடுவதில்லை. வயதெல்லை ஒரு குறித்த நாளைக் கொண்டு வகுக்கப்படுகிறது. அந்நாளுக்குச் சற்றுப் பின்னர்ப் பிறந்தவன் தன் பிரிவில் மூத்தவனாகிறான். அடுத்த ஆண்டு அந்நாள் நெருங்குகையிற் பிறந்தவன் ஏறக்குறைய ஓராண்டு இளையவனாய் அதே பிரிவில் நிற்கிறான். பதின்மூன்று பதினான்கு வயதில் ஓராண்டு என்பது தோளளவிலும் எடையிலும் பெரும் வேற்றுமையன்றோ? கனடாவின் பனிஹாக்கி வீரரிடையே இவ்வுண்மையை 1980களின் நடுப்பகுதியில் ஆய்வாளர் கண்டு வெளியிட்டனர்: உயர்ந்த அணிகளில் ஆண்டின் முதன்மாதங்களிற் பிறந்தோரே மிகுந்திருந்தனர். பின்னர்ப் பற்பல நாடுகளிற் பற்பல ஆட்டங்களில் இதுவே காணப்பட்டது. மூத்தவனைத் திறமையாளன் என்று மயங்கித் தெரிகிறோம். தெரிந்தமையால் அவனுக்கு நல்ல பயிற்சி கிட்டுகிறது. பயிற்சியால் அவன் மெய்யாகவே திறமையாளனாகிறான். நம் தெரிவு சரியே என மகிழ்கிறோம். இளையவனோ இதற்குள் ஆட்டத்தை விட்டு மீன்வாடிக்குப் போய்விடுகிறான். நியூசிலாந்தில் வயதோடு எடையையும் எல்லையாக வகுத்து, மெலிந்த பிள்ளைகளுக்கெனத் தனிப்போட்டிகள் நடத்துகின்றனர். மெலிந்த மேனியினர் மிகுந்த நம் கரைக்கு இது கருதத்தக்கது.

இனி அந்தப் பையனைப் பற்றிக் கூறுவேன். கரைவலை இழுப்போரின் மகன். கபடியில் ஒருவனைப் பிடித்தால் விடான். விடுமுறையிற் பயிற்சி பெற்று வந்த இளம் ஆசிரியர் ஒருவர் எழுவர் றக்பியைக் கற்பித்தபோது, பிடித்து வீழ்த்தும் கலையை அவனுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பதினாறாம் வயதில் தெரிவுப் பயிற்சி ஒன்றுக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. கல்முனைக்குப் புகையிரதம் இல்லை. கொழும்போ 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு முழுவதும் பேருந்தில் அமர்ந்து சென்றோம். விடியலில் இறங்கி, முகங்கழுவி, இரண்டு பணிஸ் உண்டு மைதானத்தில் நின்றான். ஏனையோர் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்தனர். இவனை எண் சொல்லி அழைத்தனர். ஒருநாளும் ஆடியறியாத இடத்தில் இருபது நிமிடம் நிறுத்தி, நன்று, போய் வரலாம் என்றனர். அவ்விருபது நிமிடத்தில் அவனிடம் பந்து வந்தது இருமுறை.

ஆயினும் அங்கே நின்ற ஒருவர் அவனைக் கவனித்திருந்தார். பெருங்கல்லூரி ஒன்றில் உயர்தர வகுப்புக்கு இடமும் விடுதியும் தரலாம் எனச் சில வாரங்களில் தகவல் வந்தது. அவனுடைய வாப்பா என் வீட்டுக்கு வந்து திண்ணையில் அமர்ந்தார். "சேர், இவன் அங்க படிக்கப் போறானா, விளையாடப் போறானா? நீங்க சொல்றதுதான்" என்றார். "காக்கா, நாலு நாள் தாருங்கள்" என்றேன். நான்கு நாளும் உறங்கவில்லை. முழங்கால் முறிந்தால் அங்கே அவனைக் காப்பார் யார்? சிங்களமும் ஆங்கிலமும் வழங்கும் விடுதியில் எவ்வாறு பழகுவான்? நல்ல வீரனை இழந்தால் நம் சிற்றணி என்னாகும்? உண்மையைச் சொன்னால், இம்மூன்றாம் வினாவை நான் முதலாம் வினாவாகவே எண்ணினேன். போகவேண்டாம் என்றேன். அவர் ஒன்றும் கூறாது எழுந்து சென்றார்.

இன்று அவன் நம் கரையிலேயே ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியன். குறையொன்றுமில்லை. சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில், "அன்று போயிருந்தால் எப்படியிருக்கும், சேர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். விடை சொல்ல எனக்கு இயலவில்லை. இராணுவம், கடற்படை, பொலீஸ் ஆகியவற்றின் அணிகளும் கழகங்களும் வீரர்க்குத் தொழில் தருவதையும், தேசிய மட்டத்திற் சிறந்தோருக்குப் பல்கலைக்கழகங்களிற் சிறப்பு அனுமதி உண்டென்பதையும் அக்காலத்தில் நான் சரியாக அறிந்திருக்கவில்லை. ஆலோசனை கூறும் ஆசிரியன் முதலில் இவற்றைக் கற்றிருத்தல் வேண்டும். இக்கட்டுரையை வாசிக்கும் இளம் ஆசிரியர் என்னிலும் நன்கறிந்து கூறுவாராக.

அவன் இப்போது செய்வதே என் உள்ளத்துக்கு ஆறுதல். சித்திரை கழிந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் நம் மைதானங்கள் ஓடுபோல் இறுகிவிடும்; அதில் ஒருவனை வீழ்த்துதல் இருவர்க்கும் கேடு. றக்பிப் பருவமும் அதுவே. ஆதலால் அவன் பிள்ளைகளைக் கடற்கரை மணலுக்கு அழைத்துச் செல்கிறான். பீஜித் தீவின் எழுவர் அணியினர் சிகடோகா மணற்குன்றுகளில் ஓடிப் பயின்றே உரம் பெறுகின்றனர். 2016இல் ஒலிம்பிக்கில் எழுவர் றக்பி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, இறுதியாட்டத்தில் பிரித்தானியாவை 43க்கு 7 எனத் தோற்கடித்து, தம் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பொன்னாகவே வென்றனர். எழுவராட்டம் ஸ்கொத்லாந்தின் மெல்றோஸ் என்னும் சிற்றூரில் 1883இல், நெட் ஹேக் என்னும் இறைச்சி வணிகர் தம் கழகத்துக்குப் பணந்திரட்டக் கண்ட உபாயம். பதினைவரைத் திரட்ட முடியாத சிறு பாடசாலைக்கு அதனினும் ஏற்றது வேறில்லை. கரைவலையில் இருபது பேர் ஒரே மூச்சில் இழுக்கும் தாளத்தை அறிந்த பிள்ளைக்கு முன்னணியினரின் நெருக்குத்தள்ளலும் விரைவிற் பிடிபடும்.

மார்பெலும்புக்கு மேலே பிடித்தலை அண்மைக்காலத்திற் பல நாடுகள் தடுத்துள்ளன; தலையில் அடிபட்டு மயங்கியவனை அன்று மீண்டும் இறக்குதல் கூடாது என்பதும் விதி. இவற்றைக் கற்பிக்க இயலாதவர் இவ்வாட்டத்தைக் கற்பிக்காதிருத்தலே நன்று.

தெரிவை நடத்துவோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னகர்ந்து வருவது. 2023, 2024ஆம் ஆண்டுகளில் அது மார்ச் ஏப்பிரலில் வந்தது. அந்நாட்களில் நண்பகல் வெயிலில் ஒரு சாய்ந்தமருதுப் பிள்ளையின் உடல்வலுவை அளத்தல் அளவையே அன்று. நாட்காட்டியை முன்கூட்டிப் பார்த்தல் பெரிய செலவன்று. கிழக்குக்கென ஓர் எழுவர் போட்டியை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வைத்து, தெரிவாளர் இருவர் பேருந்தேறி வந்தால், நாற்பது பிள்ளைகள் இரவுப் பயணம் செய்ய வேண்டியதில்லை.

நம் சங்கத்தார் விழா நிதியில் எஞ்சுவதை என் செய்வது என ஆலோசிப்பதாக அறிகிறேன். அவனுடைய பாடசாலையில் உதைபந்துக் கம்பங்களே உள்ளன. றக்பிக்குக் கம்பங்கள் 5.6 மீற்றர் இடைவெளியில் நிற்க, குறுக்குக் கம்பம் 3 மீற்றர் உயரத்தில் அமைதல் வேண்டும். ஊர்ப் பட்டறையில் இரும்புக் குழாயைப் பற்றவைத்துத் தருவதாகக் கொல்லர் ஒருவர் ஒப்பியிருக்கிறார். குழாயின் விலையை மட்டும் கேட்கிறார்.