பிறர் பணம்: அமானிதமா? கடனா?

காணைக் கடைத்தெருவில் தேநீர் குடித்தாலும் மளிகை வாங்கினாலும் இன்று செல்போன் மூலமே பணம் செலுத்துகிறோம். இதற்கு உதவும் நிறுவனங்களில் சில, நமது பணத்தை முன்கூட்டியே பெற்றுத் தம்மிடம் வைத்துக் கொள்கின்றன. அவ்வாறு தங்கியிருக்கும் பணத்தால் அவை ஆதாயம் அடையலாமா? மார்க்கம் தரும் விளக்கத்தை இத்திங்கள் பார்ப்போம்.

முதலில் ஒரு வேறுபாட்டை விளங்கிக் கொள்ள வேண்டும். 2016ல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் பணம் நமது வங்கிக் கணக்கிலிருந்து கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேராகச் சேருகிறது. இடையிலுள்ள நிறுவனத்திடம் அது தங்குவதில்லை. 'வாலட்' எனப்படும் பணப்பை முறை அப்படியன்று. இன்று 500 ரூபாய் போட்டு வைத்தால், செலவாகும் வரை அது நிறுவனத்தின் பொறுப்பில் கிடக்கும். ஒருவருடைய 500 சிறு தொகைதான். ஏராளமானோர் அப்படிப் போட்டு வைக்கும்போது அது வற்றாத குளமாகி விடுகிறது. நமது கேள்வி இந்தக் குளத்தைப் பற்றியதே.

சட்டம் கூறுவது

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 27ல் வெளியிட்ட விதிகளின்படி, வங்கியல்லாத நிறுவனம் வாடிக்கையாளரின் இருப்புத் தொகையை ஒரு வணிக வங்கியில் 'எஸ்க்ரோ' என்னும் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். அக்கணக்குக்குப் பொதுவாக வட்டி இல்லை. ஆனால் ஓராண்டின் 26 இருவாரங்களில் ஒவ்வொன்றிலும் இருந்த மிகக் குறைந்த இருப்பை எடுத்துச் சராசரி பார்த்து, அந்த அளவுத் தொகையை மட்டும் வட்டி தரும் வேறு கணக்குக்கு மாற்றிக் கொள்ள அனுமதி உண்டு. வாடிக்கையாளருக்கோ இருப்பின் மீது வட்டி கொடுக்கக் கூடாது.

மார்க்கம் கூறுவது

பிறர் பணம் நம்மிடம் இரு வகையில் வரும். ஒன்று அமானிதம், மற்றொன்று கடன்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆன் 4:58 வசனம் கட்டளையிடுகிறது. அமானிதப் பொருளை உரியவரின் அனுமதியின்றித் தொடக் கூடாது. கவனக்குறைவின்றி அது தொலைந்தால் ஈடு செய்யும் கடமை இல்லை. அனுமதியின்றி எடுத்துப் பயன்படுத்தினாலோ ஈடு கடமையாகி விடும். அப்படி எடுத்து வியாபாரம் செய்து இலாபம் கிடைத்தால், அந்த இலாபத்தைத் தர்மம் செய்துவிட வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் கூற்று. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ, ஈடு செய்யும் பொறுப்பு அவர் மீதிருப்பதால் இலாபம் அவருக்கே என்றார்கள்.

கடனின் நிலை வேறு. ஹஜ்ரத் ஜுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் பணத்தைப் பாதுகாக்கக் கொண்டு வந்தால், அதை அமானிதமாக ஏற்க மாட்டார்கள். தொலைந்து போய்விடுமோ என அஞ்சிக் கடனாகவே ஏற்பார்கள். கடனென்றால் தொலைந்தாலும் திருப்பித் தந்தாக வேண்டுமல்லவா? ஹிஜ்ரி 36ல் அவர்கள் ஷஹீதான பின், மகனார் அப்துல்லாஹ் (ரலி) கணக்கிட்டபோது கடன் 22 இலட்சமாக இருந்தது. நிலத்தை விற்று அதை அடைத்தார்கள். அத்தோடு நிற்காமல் நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், தந்தையிடம் பாக்கி உள்ளோர் வந்து பெற்றுக் கொள்ளுமாறு அறிவித்த பிறகே சொத்தைப் பங்கிட்டார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது.

பொறுப்பை ஏற்பவருக்கே பலன் என்பது ஹதீஸிலிருந்து பெறப்பட்ட சட்ட விதி. கேட்டதும் திருப்பித் தர வேண்டிய வங்கி வைப்பு கடனே என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1995ல் அபுதாபியில் முடிவு செய்தது. வாலட் பணமும் அதற்கு நெருங்கியதே என்று நாம் விளங்கிக் கொள்கிறோம். ஏனெனில் நாம் போட்ட அதே நோட்டு திரும்புவதில்லை. முழுத் தொகைக்கும் நிறுவனமே பொறுப்பு.

ஆகவே, கையிலிருக்கும் பிறர் பணத்தால் ஆதாயமே அடையக் கூடாது என்று பொதுவாகக் கூறிவிட முடியாது. அந்த ஆதாயம் எந்த வழியில் வருகிறது என்பதே கேள்வி. வட்டியாக வந்தால் அது ஹராமே. கடனென்று பெயர் வைத்தாலும், சட்டம் அனுமதித்தாலும் ஹலாலாகாது.

"அந்த வட்டியை வாடிக்கையாளருக்கே கொடுத்துவிட்டால் நியாயமாகாதா?" என்று கேட்கலாம். டான்சானியாவில் 2014ல் டிகோ பெசா என்னும் சேவை அவ்வாறே பகிர்ந்தளித்தது. நிறுவனமே விழுங்குவதைவிட இது மேல் என்று உலகம் பாராட்டும். ஆனால் கை மாறுவதால் வட்டியின் தன்மை மாறுவதில்லை. மேலும், கடன் கொடுத்தவர் நிபந்தனையின் பேரில் பெறும் அதிகப்படி எதுவும் வட்டியே. ஆதலால் இவ்வளவு இருப்பு வைத்தால் இவ்வளவு பரிசு என்ற திட்டத்தில் சேராதீர்கள். பொருள் வாங்கும்போது கடைக்காரர் விலையில் தரும் தள்ளுபடி வேறு, அது கூடும்.

நிறுவனத்துக்குச் சுத்தமான வழியும் உண்டு. பணத்தைச் சேர்ப்பித்துக் கொடுக்கும் வேலைக்கு இவ்வளவு கூலி என்று வெளிப்படையாக வாங்கிக் கொள்ளலாம். உழைப்புக்கு ஊதியம் ஹலால்.

நாம் செய்ய வேண்டியது

தேவைக்கு மேல் வாலட்டில் பணம் போடாமல், வங்கியிலிருந்து நேராகச் செலுத்துவதே பேணுதலாகும். பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி 2024 மார்ச் 15க்குப் பின் புதிதாகப் பணம் பெறக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை விதித்தபோது, இருப்பை எடுக்கத் தடையில்லை என்றும் கூறியிருந்தது. ஆயினும் பலர் கலங்கிப் போயினர். பிறர் கையில் குறைவாக இருந்தால் கலக்கமும் குறைவு.

இறுதியாக நம்மையும் பார்த்துக் கொள்வோம். பள்ளிவாசல் நிதி, மதரஸா சந்தா, சீட்டுப் பணம், ஹஜ்ஜுக்குச் செல்பவர் நம்பிக் கொடுத்த தொகை இவையெல்லாம் நம்மில் பலர் கையில் இருக்கின்றன. "நாளைக்குப் போட்டுவிடலாம்" என்று அதிலிருந்து எடுத்துக் கடைக்குச் சரக்கு வாங்குபவர் கம்பெனிகளைக் குறை சொல்வதில் பொருளில்லை. அனுமதி பெற்றால் அது கடன். எழுதி வைத்துத் திருப்பித் தர வேண்டும். அனுமதியின்றி எடுத்தால் அது மோசடி.

பிறர் பொருளில் அஞ்சி நடக்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.