தன் அலையை வென்ற படகு

தட்டையான ஓட்டுச் சில்லைக் குளத்து நீரின்மேல் சாய்வாக வீசியிருப்பீர்கள். மூழ்க வேண்டிய சில்லு தத்தித் தத்திச் செல்கிறது. பந்தயப் படகின் இரகசியமும் இதுவே.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகருக்கு அருகே, செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் அல்கோனாக் என்னும் சிற்றூர் உள்ளது. எதிர்க்கரை கனடா. வாத்து வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்த கிறிஸ் ஸ்மித், இங்கே மரப்படகுகள் கட்டத் தொடங்கினார். பின்னாளில் ‘கிறிஸ் கிராஃப்ட்’ என்ற பெயரில் அவரது படகுகள் புகழ்பெற்றன. அவர் கட்டிய பந்தயப் படகுகளை ஓட்டியவர் கார் வுட்.

படகு ஓடும்போது அலைகளை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அலையின் நீளமும் கூடுகிறது. அலைநீளம் λ, வேகம் v, புவிஈர்ப்பு முடுக்கம் g எனில், v² = gλ/2π ஆகும். 8 மீட்டர் நீளமுள்ள படகை எடுத்துக்கொள்வோம். அலைநீளமும் 8 மீட்டர் ஆகும்போது அதன் வேகம் விநாடிக்கு 3.5 மீட்டர், அதாவது, மணிக்குச் சுமார் 13 கி.மீ. இதற்குமேல் விரைந்தால் பின்புறம் அலையின் பள்ளத்தில் இறங்கும், முன்புறம் உயரும். படகு தான் எழுப்பிய அலைமீது தானே ஏற வேண்டியதுதான்! எஞ்சினின் திறன் பெரும்பாலும் இதிலேயே வீணாகிவிடும்.

இதற்கு வழி என்ன? அடிப்பாகத்தைத் தட்டையாக்கி, சற்றே சாய்வாக ஓடச் செய்தார்கள். அது நீரைக் கீழே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி நீர் படகை மேலே தள்ளுகிறது. படகு எழும்பி, நீர்ப்பரப்பின்மேல் வழுக்கிச் செல்கிறது. நீரைத் தொடும் பரப்பு குறைவதால் தடையும் குறைகிறது.

1920-இல் ‘மிஸ் அமெரிக்கா’ படகு, இரண்டு விமான எஞ்சின்களுடன் மணிக்குச் சுமார் 120 கி.மீ. வேகத்தை எட்டியது. 1932-இல் ‘மிஸ் அமெரிக்கா 10’ படகைக் கார் வுட் அதே ஆற்றில் சுமார் 200 கி.மீ. வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார்.

ஆனால் எழும்பிய பிறகும் தடை முற்றிலும் நீங்குவதில்லை. அது வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதாகக் கொள்வோம். திறன் என்பது விசை, வேகம் இவற்றின் பெருக்கல். எனவே தேவையான திறன் வேகத்தின் முப்படிக்கேற்ப உயரும். வேகம் 5/3 மடங்கானால் திறன் 125/27, அதாவது 4.6 மடங்காக வேண்டும். உண்மையில் அதற்கும் மேலாகவே தேவைப்பட்டது, படகும் பெரிதாகிவிட்டதல்லவா? 1932-இல் எஞ்சின்கள் நான்கு. மொத்தத் திறன் 6000 குதிரைத்திறனுக்கும் அதிகம்!

இனி நீங்களே கணக்கிடுங்கள்: எஞ்சினின் திறனை இரட்டித்தால் வேகம் எத்தனை மடங்காகும்? விடை 1.26 என வந்தால், படகின் அடிப்பாகத்தை அல்கோனாக் தச்சர்கள் ஏன் அவ்வளவு கவனமாக இழைத்தார்கள் என்பது விளங்கும்.