கை எட்டாத முன்விளக்குப் பல்பை வீட்டிலேயே மாற்றும் முறை

சம்பா அறுவடை நடைபெறும் தை, மாசி மாதங்களில் காவிரி டெல்டாக் கிராமச் சாலைகளுக்கு இரவிலும் ஓய்வில்லை. நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையங்களுக்குச் செல்கின்றன; அறுவடை இயந்திரங்கள் ஊர்விட்டு ஊர் நகர்கின்றன. களம் போதாத ஊர்களில் தார்ச்சாலையின் ஒரு பாதியிலேயே நெல்லைக் காயவைத்து, அந்தியில் அதனைக் குவித்துத் தார்ப்பாய் போர்த்தி, சுற்றிலும் கற்களை வரிசையாக வைத்துவிடும் வழக்கமும் உண்டு. பனியும் இருளும் கூடிய அவ்வேளையில் ஒரு முன்விளக்கு அணைந்த மோட்டார் வண்டியை ஓட்டுவது பேராபத்தாகும். எதிரே வருபவருக்கு அவ்வண்டி ஒரு மோட்டார் சைக்கிளாகவே தோன்றும். ஆதலால் வாய்க்கால் கரைச் சாலையில் அவர் ஒதுங்கவேண்டிய அளவுக்கு ஒதுங்கமாட்டார். ஓட்டுபவருக்கோ, அணைந்த விளக்கின் பக்கத்தில் கிடக்கும் கல்லும், அப்பக்கம் நடந்து செல்லும் மனிதரும் கடைசி நொடியிலேயே தென்படுவர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இவ்வாறிருந்தும் பலர் வாரக்கணக்கில் ஒற்றை விளக்குடன் ஓட்டுவதற்குக் காரணம் பல்பின் விலையன்று. பல்பு அமைந்துள்ள இடமே. 2014ஆம் வருஷத்தில் உற்பத்தி நின்ற அம்பாஸடர் வண்டியிலும், பழைய ஜீப்பிலும் வட்ட விளக்கின் வளையத்தை முன்புறமாகவே கழற்றிப் பல்பை மாற்றிவிடலாம். பிற்காலத்து வண்டிகளிலோ விளக்கின் முன்முகம் மூடியே இருக்கும். பானெட்டைத் திறந்து, பின்புறத்து இடுக்கில் கையை நுழைத்தே வேலை செய்யவேண்டும். அவ்விடுக்கில் ஒரு பக்கம் பாட்டரியும், மறுபக்கம் காற்று வடிகட்டிப் பெட்டியும் வழியை மறித்து நிற்பது சாதாரணம். பட்டறை தொலைவிலுள்ள கிராமங்களில் இவ்வேலையை வீட்டிலேயே செய்துகொள்ளக் கற்றிருப்பது மிகவும் நலம். முறையறிந்து செய்யின் இது கடினமானதன்று.

குறையை முதலில் அறிதல்

விளக்கு எரியாமைக்கெல்லாம் பல்பே காரணம் என்று முடிவு செய்தல் தவறு. டிம் என வழங்கும் தாழ்ந்த ஒளியும், தூரத்துக்குரிய உயர்ந்த ஒளியும் ஒரே பல்பில் அமைந்துள்ள வண்டிகளில், ஒரு பக்கத்தில் அவற்றுள் ஒன்று மட்டும் அணைந்திருப்பின் பெரும்பாலும் பல்பின் இழையே அற்றிருக்கும். இரு பக்கங்களிலும் ஒரே சமயத்தில் ஒளி நின்றிருப்பின் பியூஸ், ரிலே, சுவிட்சு ஆகியவற்றை முதலில் சோதிக்கவேண்டும். ஒரு பக்கத்தில் இரண்டு ஒளிகளும் இல்லையாயின் அப்பக்கத்துப் பியூஸையும், எர்த் கம்பி துருப்பிடித்துள்ளதா என்பதையும் பார்த்தல் அவசியம். ஐயம் நீங்காவிடில், எரிகின்ற பக்கத்துப் பல்பை எடுத்து எரியாத பக்கத்தில் பொருத்திப் பார்க்கலாம். அங்கும் அது எரியவில்லையாயின் குறை பல்பில் இல்லை என்பது தெளிவு. புதுப் பல்புக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

பல்பின் தன்மை

இக்காலத்து வண்டிகளில் மிகுதியாகக் காணப்படும் ஹாலஜன் பல்பின் கூடு சாதாரணக் கண்ணாடியன்று. குவார்ட்ஸ் என்னும் பளிங்குக் கல்லை உருக்கிச் செய்ததாகும். அதனுள் டங்ஸ்டன் இழையும், அழுத்தத்தில் அடைக்கப்பட்ட வாயுவும், அயோடின் அல்லது புரோமின் சிறிதளவும் உள. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கூட்டின் உட்புறத்தில் கரியாகப் படியாமல் மீண்டும் இழைக்கே திரும்புமாறு இவை செய்கின்றன. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சார்ந்த எல்மர் பிரிட்ரிச், எம்மெட் வைலி என்பவர்கள் இத்தகைய விளக்குக்கு 1959ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்றனர்.

இப்பல்பு எரியும்போது அதன் கூடு 250 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட சூட்டை அடைகின்றது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு அதில் பட்டிருந்தால், அவ்விடம் மட்டும் மிகுதியாகச் சூடேறி, பளிங்கு மங்கி, உப்பி, பல்பு சீக்கிரம் கெட்டுவிடும், வெடிப்பதும் உண்டு. ஆகையால் கண்ணாடிப் பாகத்தை வெறுங்கையால் தொடலாகாது. தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, உலர்ந்தபின் பொருத்துக.

பல்பை வாங்கும்போது பழைய பல்பின் பீடத்தில் பொறித்துள்ள எழுத்தையும் எண்ணையும் பார்த்தே வாங்கவேண்டும். எச்4 என்பது இரண்டு இழைகளும் மூன்று முனைகளும் உடையது. 12 வோல்ட்டில் 60/55 வாட். எச்7 என்பது ஒற்றை இழையுடையது, 55 வாட். லாரிகளுக்குரிய 24 வோல்ட் பல்பைக் கார்களிலும், 12 வோல்ட் பல்பை லாரிகளிலும் பொருத்தலாகாது.

வேண்டிய சாமான்கள்

சரியான வகைப் புதுப் பல்பு, 10 எண் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தமான பருத்திக் கையுறை, சிறு முகக்கண்ணாடி, பழந்துணி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி. வண்டியுடன் வந்த கைப்புத்தகம் இருப்பின் அதனையும் அருகில் வைத்துக்கொள்க. இவ்வேலையைப் பகல் வெளிச்சத்தில் செய்வதே உத்தமம்.

வழி செய்துகொள்ளுதல்

கை நுழையாத இடத்தில் கையை வருத்துவதே இவ்வேலையில் நேரும் தவறுகளுக்கெல்லாம் மூலமாகும். அவசரப்பட்டு இழுப்பதால் பிளாஸ்டிக் பிடிகள் ஒடிந்து, பல்பைக் காட்டிலும் பன்மடங்கு விலையுள்ள விளக்கு முழுவதையும் மாற்றும்படி நேரிடும். கையைச் சுருக்க முயல்வதினும் இடத்தை விரிப்பதே முறை. அதன் வகைகள் வருமாறு:

1. பாட்டரி மறிக்குமாயின், முதலில் எதிர்முனையையும் அடுத்து நேர்முனையையும் கழற்றி, பிடிப்பட்டையை நீக்கி, பாட்டரியைச் சாய்க்காமல் நேராகத் தூக்கி வெளியே வைக்கவேண்டும். நேர்முனையை முதலில் கழற்றினால் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டு நெருப்புப் பொறி பறக்கக்கூடும். திரும்ப மாட்டும்போது நேர்முனை முதலிலும், எதிர்முனை கடைசியிலும் வரவேண்டும்.

2. காற்று வடிகட்டியின் குழாய் மறிக்குமாயின், அதன் பட்டையைத் தளர்த்திக் குழாயை விலக்கலாம். திறந்த வாயில் தூசி புகாமல் துணியால் மூடுக. வேலை முடிந்ததும் அத்துணியை எடுக்க மறவற்க.

3. சில வண்டிகளில் சக்கரத்தின் மேலுள்ள உட்தட்டியில் சிறு கதவு வைத்திருப்பர். இடப்பக்க விளக்குக்கு ஸ்டியரிங்கை வலப்புறமாகவும், வலப்பக்க விளக்குக்கு இடப்புறமாகவும் முழுதும் திருப்பினால், சக்கரத்தின் முன்விளிம்பு உட்சென்று அக்கதவுக்கு இடம் கிடைக்கும்.

4. வேறு சிலவற்றில் இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றி விளக்கையே முன்புறமாக வெளியே எடுப்பது எளிது. பம்பரையும் கழற்றவேண்டியிருந்தால் அவ்வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுக.

கண்ணுக்குத் தெரியாத இடத்தை முகக்கண்ணாடியாலோ, கைபேசியின் காமிராவாலோ பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு நல்ல உபாயமும் உண்டு. இரு பக்கங்களுள் எப்பக்கம் இடம் தாராளமாக உள்ளதோ, அப்பக்கத்தில் முதலில் மூடியைத் திறந்து, கொக்கி எத்திசையில் விடுபடுகின்றது என்பதைக் கண்ணால் கண்டு, விரலால் பழகிக்கொள்க. அதன்பின் மறைவான பக்கத்தில் விரலே கண்ணாக வேலை செய்யும். ஆனால் இரு பக்கத்து அமைப்புகளும் சில வண்டிகளில் இடவலம் மாறியிருக்கும் என்பதைக் கவனிக்கவேண்டும்.

மாற்றும் முறை

எஞ்சினையும் விளக்கையும் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பல்பு ஆறும்வரை காத்திருக்கவேண்டும். பாட்டரியை எடுக்கவேண்டிய தேவை இல்லாவிடினும் அதன் எதிர்முனையைக் கழற்றிவைத்தல் நன்று. விளக்குக்குக் கீழே பழந்துணியைப் பரப்பினால் தவறி விழும் சாமான் எஞ்சினடியில் மறையாது.

முதலில் கம்பிச் செருகியை அதன் உடலைப் பிடித்து நேராகப் பின்னுக்கு இழுக்கவேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கலாகாது. செருகி பழுப்பேறிக் கருகியிருந்தால் அதனையும் மாற்றுக. இல்லையேல் புதுப் பல்பும் நெடுநாள் உழைக்காது. அடுத்து ரப்பர் மூடியை அதன் காதைப் பிடித்து உரிக்கவேண்டும். பின்பு தோன்றும் கம்பிக் கொக்கியை உள்நோக்கி அழுத்தி, பக்கவாட்டில் நகர்த்தி, வெளியே மடக்கவேண்டும். இக்கொக்கியின் ஒரு முனை விளக்கோடு கீல் போல் பிணைந்திருக்கும், அதனைப் பிடுங்கலாகாது.

பழைய பல்பை நேராக வெளியே எடுக்கும்போது அதன் நாக்குகள் இருந்த நிலையைக் குறித்துக்கொள்க. புதுப் பல்பைப் பீடத்தைப் பிடித்து, அதே நிலையில் நுழைக்கவேண்டும். எச்4 பல்பின் மூன்று நாக்குகளும் ஒரே நிலையில்தான் பள்ளங்களில் படியும். படிந்தபின் பல்பு அசையாது. கொக்கியும் வலிந்து அழுத்தாமலே மாட்டிக்கொள்ளும். கொக்கி மாட்ட மறுக்குமாயின் பல்பு சரியாக உட்காரவில்லை என்பதே பொருள். ரப்பர் மூடியில் மேற்புறக் குறி இருந்தால் அது மேல்நோக்கியிருக்க, விளிம்பு சுற்றிலும் படியுமாறு அமுக்குக. மூடி சரியாகப் பொருந்தாவிடில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் புகுந்து, உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கிண்ணம் மங்கிவிடும்.

ஒளியைச் சரிபார்த்தல்

எச்4 பல்பில் தாழ்ந்த ஒளிக்குரிய இழையின் அடியில் சிறு உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. ஒளி மேலே சென்று எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்காதபடி தடுப்பது அதுவே. பல்பு கோணலாக உட்கார்ந்தால் இக்காப்பு பயனற்றுப்போகும். அணைந்த விளக்கு ஒருவரைக் குருடாக்கும். கோணல் விளக்கு எதிரே வருபவர் அனைவரையும் குருடாக்கும். ஆதலின் எரிகின்றது என்பதோடு வேலை முடிந்ததாகக் கருதலாகாது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, 10 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் தாழ்ந்த ஒளியைப் பாய்ச்சுக. ஒளியின் மேல்விளிம்பு இரு விளக்குகளுக்கும் ஒரே மட்டத்தில் தெளிவாகத் தெரியவேண்டும். விளக்கின் மீது 1.0% என்று அச்சிட்டிருப்பின், அவ்விளிம்பு விளக்கின் மையத்தைக் காட்டிலும் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருத்தல் முறை. பல்பு மாற்றுவதற்கு முன் சரியாயிருந்த மட்டம் பின்பு மாறியிருந்தால், திருகாணியைத் திருப்பாமல் பல்பைக் கழற்றி மீண்டும் பொருத்துக. பின்பகுதியில் மூட்டைகள் ஏற்றும்போது வண்டியின் முன்பகுதி உயர்ந்து ஒளியும் உயரும். மட்டத்தைத் தாழ்த்தும் சிறு சக்கரம் ஓட்டுபவரின் அருகில் இருந்தால் அதனை உபயோகிக்கவேண்டும்.

செய்யத்தகாதவை

வெளிச்சம் மிகுதியாக வேண்டும் என்று 60 வாட்டுக்குப் பதில் 100 வாட் பல்பைச் சிலர் பொருத்துகின்றனர். 12 வோல்ட்டில் 5 ஆம்பியராக இருந்த மின்னோட்டம் அப்போது 8 ஆம்பியருக்கு மேல் உயரும். கம்பியில் உண்டாகும் சூடோ ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காகும். செருகி உருகுவதும், கம்பி எரிவதும் இதனாலேயே. ஹாலஜனுக்கென்று அமைந்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் தகாது. ஒளி பிறக்கும் இடம் மாறுவதால் எதிரே வருபவருக்குக் கண் கூசும். ஸெனான் விளக்குகளை எரியவைக்க 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் எழுவதால், அவற்றை வீட்டில் தொடவே கூடாது. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.யுடன் மூடி வந்த விளக்குகளில் தனிப் பல்பு பெரும்பாலும் இராது. அவற்றையும் தேர்ச்சி பெற்றவர்களிடமே விடவேண்டும்.

இரு பக்கத்துப் பல்புகளும் ஒரே காலத்தில் பொருத்தப்பட்டவையாயின், ஒன்று அற்றபின் மற்றதும் விரைவில் அறுதல் இயல்பு. ஆதலால் இரண்டையும் ஒருங்கே மாற்றி, இன்னும் எரியும் பழையதை அவசரத்துக்கு வண்டியில் வைத்துக்கொள்வது சிக்கனமாகும்.

1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆவது விதி, இரவில் ஓடும் வண்டியின் முன்விளக்குகள் 155 மீட்டர் தூரத்திலுள்ள மனிதரையும் வண்டியையும் தெளிவாகக் காட்டவேண்டும் என்று கூறுகின்றது. அறுவடை தொடங்குமுன் ஒரு பகற்பொழுதை ஒதுக்கி வண்டி உடையோர் தத்தம் விளக்குகளைச் சோதித்துக்கொள்வதும், கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை ஊராருக்கு எடுத்துச் சொல்வதும் தக்கது. ஒரு மணி நேர வேலையால் நெல் மூட்டையும், அதனைக் கொண்டு செல்பவரும், இருளில் சாலையோரம் நடந்து வருபவரும் பத்திரமாக வீடு சேர்வர்.