நாற்பது குரலுக்கு ஒரு சுருதி

அன்புள்ள சகோதரிக்கு,

ஓசூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பி.காம். முடித்திருக்கிறீர்கள். வாரம் தவறாமல் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய்ப் பாட்டு கற்று, கர்நாடகத்தின் சீனியர் இசைத் தேர்வு வரை எழுதியிருக்கிறீர்கள். இப்போது ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர். இசையில் எம்.ஏ. படிக்கலாமா, படித்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் பி.எட். முடித்துவிடு என்கிறார்கள் வீட்டில். இதே கேள்வி தருமபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் எனக்கு வந்துகொண்டிருப்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

படியுங்கள். தயங்காமல் படியுங்கள். ஆனால் எம்.ஏ. முடித்தால் பாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்துவிடும் என்று நம்பிச் சேராதீர்கள். அதை அங்கே யாரும் கற்றுத்தர மாட்டார்கள். நீங்கள்தான் உங்கள் வகுப்பறையிலிருந்து கொண்டுபோய்ப் படிப்புக்குள் வைக்க வேண்டும்.

நம் ஊர்களில் இசைக் கல்வி என்பது பல்கலைக்கழகத்துக்குள் வந்த கதையே ஆசிரியரைத் தேடித்தான் தொடங்கியது. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். 1931-இல் சென்னை மியூசிக் அகாடமி ஒரு கல்லூரி தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரே இசை ஆசிரியர் கல்லூரி. முதல்வராக வந்தவர் டைகர் வரதாச்சாரியார். கச்சேரி மேடையில் கொடி கட்டிப் பறந்த வித்வான் ஒருவர், பாட்டு வாத்தியார்களை உருவாக்க உட்கார்ந்தார். அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டயப் படிப்பு வந்தது. ஜெர்மனி வரை போய் மேலை இசையையும் கற்றுத் திரும்பிய பி. சாம்பமூர்த்தி, பெரும்பாலும் குருவின் வாய்மொழியாக இருந்ததைப் படிப்படியான பாடநூல்களாக எழுதினார். இன்றும் தேர்வுக்குப் படிப்பவர்கள் கையில் அந்தப் புத்தகங்கள்தான்.

ஆசிரியரை உருவாக்க வேண்டும் என்ற அந்தக் கவலை நடுவில் எங்கோ கரைந்துவிட்டது என்பது என் எண்ணம். இன்றைய முதுகலைப் பாடத்திட்டங்களைப் பாருங்கள். ராகம் தானம் பல்லவி இருக்கும், மனோதர்மம் இருக்கும், சிலப்பதிகார அரங்கேற்று காதை, சங்கீத ரத்னாகரம், சதுர்தண்டி பிரகாசிகை, எழுபத்திரண்டு மேளம் எல்லாம் இருக்கும். அத்தனையும் வேண்டியவைதான், வாத்தியாருக்குச் சரக்கு வேண்டாமா? ஆனால் ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவில் நாற்பது பிள்ளைகளை எப்படி ஒரே ஸட்ஜத்தில் சேர்ப்பது என்பதற்கு அந்த நான்கு பருவங்களிலும் பெரும்பாலும் ஒரு தாள்கூட இருக்காது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், உங்கள் கடிதத்திலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. ‘பாதிப் பிள்ளைகளுக்குச் சுருதியே சேரவில்லை, காது இல்லை போலிருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். காது இருக்கும். நீங்கள் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் குருவிடம் நீங்கள் ஒருத்தியாக உட்கார்ந்து, உங்கள் குரலுக்கு அமைந்த சுருதியில் கற்றீர்கள். அதையே, அநேகமாக ஐந்து கட்டையை, வகுப்புக்கும் வைத்திருப்பீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கீழே இடம் குறைவு. ஐந்து கட்டையில் மந்திர ஸ்தாயி நிஷாதம், தைவதம் என்று இறங்கினால் பல பிள்ளைகளுக்குக் குரல் காற்றாகிவிடும். ஸட்ஜத்தையே சிலர் பேச்சுக் குரலில் முனகுவார்கள். ஆறு, ஆறரைக்கு ஏற்றிப் பாருங்கள். உங்களுக்கு மேல்ஸ்தாயி சற்று சிரமமாக இருக்கும், பரவாயில்லை. ஆண் ஆசிரியர் ஒரு கட்டையில் பாடினால் இன்னொரு குழப்பம்: அவர் பாடும் ஸட்ஜத்துக்குப் பிள்ளைகள் ஒரு ஸ்தாயி மேலே சேர வேண்டும். அதைப் பல பிள்ளைகள் தாமாகப் பிடித்துவிடுவார்கள். பிடிக்காத பிள்ளைக்குப் பின்வரிசை கிடைக்கும், ‘இவனுக்குப் பாட்டு வராது’ என்ற பேரும் கிடைக்கும். அந்தப் பேர் ஆயுசுக்கும் போகாது. எட்டாம் வகுப்பில் பையன்களுக்குக் குரல் உடையும்போது அவர்களைப் பாட வைப்பதா, தாளம் போட வைப்பதா, அவர்களுக்கென்று நான்கு ஸ்வரத்துக்குள் அடங்கும் வரிசைகளை எழுதித் தருவதா? குருகுலத்தில் எழாத கேள்விகள் இவை. வகுப்பறையில் வாரா வாரம் எழும். எம்.ஏ.வின் ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல பொருளை என்னால் யோசிக்க முடியவில்லை.

அடுத்தது உங்கள் ஊர். அங்கே வகுப்பில் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், கன்னடம் பேசுகிறார்கள், உருது பேசுகிறார்கள், சிப்காட் வேலைக்காக வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தமிழில் பாட்டு நடத்துவதே பெரும்பாடு என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். சென்னையில் ஒரு பிள்ளை புரந்தரதாசரின் பிள்ளாரி கீதங்களை அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கும். உங்கள் வகுப்பில் தளி, அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தக் கன்னடம் பாட்டி பேசும் பேச்சு. தியாகராஜரின் சின்ன திவ்யநாம கீர்த்தனை ஒன்றை எடுத்தால் தெலுங்கு வீட்டுப் பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்கு விளக்கம் சொல்லும். தமிழ்ப் பிள்ளைக்குத் தேவாரமும் பாரதியும் இருக்கின்றன. நம் இசையின் பெரிய மொழிகளில் மூன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வகுப்பு தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் கிடைக்கும்? இதைக் குறையாக எண்ணாதீர்கள்.

வீட்டுப் பாட்டிலிருந்து தொடங்குவதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நண்பர் பேலா பார்டோக்கோடு ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். பிள்ளை முதலில் தன் வீட்டுப் பாட்டில் ஸ்வரத்தை அறிய வேண்டும், வாத்தியத்துக்கு முன் குரல் வர வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அவர் மறைந்த பிறகு, 1975-இல், பிறந்த ஊரான கெச்கெமேட்டில் அவர் பெயரால் ஒரு நிறுவனம் எழுந்தது. உலகமெங்கும் இருந்து ஆசிரியர்கள் அங்கே போய் இசை கற்பிக்கும் முறையைப் படிக்கிறார்கள். ஹங்கேரி போக வேண்டாம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டிமார் பாடும் தாலாட்டையும், ஆடிப்பாடும் விளையாட்டுப் பாட்டையும் மூன்று மொழியிலும் பதிவு செய்து, எந்தப் பாட்டு எந்த ஸ்வரங்களுக்குள் நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். ஸரிகமபவுக்குள் அடங்கும் பாட்டு எத்தனை இருக்கிறது என்று தெரிந்தால் ஸரளி வரிசைக்கு முன்னால் எதை வைப்பது என்பதும் தெரியும்.

இன்னொரு பள்ளியும் உங்கள் மாவட்டத்தில் நெடுங்காலமாக நடக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் இரவெல்லாம் கூத்து நடக்கும்போது பின்பாட்டு பாடும் பையன்களைக் கவனியுங்கள். சுவடியோ ஸ்வரக் குறிப்போ இல்லாமல், கூத்து வாத்தியார் பாடப் பாட வாங்கிப் பாடி, ஆர்மோனியத்தின் உச்ச சுருதியில் குரலை நிறுத்தக் கற்றவர்கள். பிழை விட்டால் வாத்தியார் பாட்டை நிறுத்தமாட்டார். அடுத்த சுற்றில் அதே இடத்தைக் கொஞ்சம் அழுத்திப் பாடுவார், பையன் திருத்திக்கொள்வான். நாம் வகுப்பில் ‘தப்பு, மறுபடி’ என்று சொல்லிப் பிள்ளையின் தொண்டையை அடைக்கிறோமே, அவர்கள் அதைச் செய்வதில்லை. இதைப் போய் உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள்.

இனி நடைமுறை. பி.காம். பட்டத்தோடு இசை முதுகலையில் இடம் கிடைக்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் இசையில் இளங்கலை கட்டாயம்; சில இடங்களில் வேறு பட்டத்தோடு இசைச் சான்றிதழும், நேரில் பாடிக் காட்டும் தேர்வும் போதும். உங்கள் சீனியர் சான்றிதழை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெங்களூர் உங்களுக்கு நாற்பது கிலோமீட்டர்; வேலையை விடாமல் படிக்க அதுதான் தோது. சென்னையில் சென்னைப் பல்கலைக்கழகமும், 2013-இல் தொடங்கிய இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, சிதம்பரத்தில் அண்ணாமலை. எல்லை தாண்டிப் படித்தால் ஒன்றை மனதில் வையுங்கள்: தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி இசை ஆசிரியர் பணிக்குப் பட்டத்தைவிட ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழே முக்கியம். அரசு இசைக் கல்லூரிகள் பக்கம் அந்தப் பயிற்சியை விசாரியுங்கள்.

சம்பளத்தைப் பற்றி மழுப்ப மாட்டேன். 2012-இல் இசை, ஓவியம், உடற்கல்வி என்று 16,500-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு எடுத்தபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களை நீங்களும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். இந்த அவமதிப்பு என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது. எம்.ஏ. உங்களுக்குத் திறப்பது கல்லூரிக் கதவை. அதற்கு 55 சதவீத மதிப்பெண்ணும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் இசைக்கு இன்னொரு வழியும் உண்டு: பட்டதாரியாக இருந்து, தேர்ந்த குருவிடம் கற்று, வானொலியில் ‘ஏ’ கிரேடு வாங்கி, பாடத்தை விளக்கிச் சொல்லத் தெரிந்த கலைஞரும் உதவிப் பேராசிரியராகலாம்.

பி.எட். பற்றி வீட்டில் சொல்வது அக்கறையில்தான். ஆனால் அது உங்களை வணிகவியல் பக்கம்தான் கொண்டுபோகும். நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் கணக்குப் பதிவியல் பற்றி ஒரு வரி இல்லை.

விண்ணப்பம் போடும் முன் ஒருநாள் கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளிக்குப் போய் வாருங்கள். குரலிசையும் தேவாரமும் நாதஸ்வரமும் தவிலும் மூன்றாண்டுச் சான்றிதழாக அங்கே சொல்லித்தருகிறார்கள். கட்டணம் சொற்பம். உங்கள் வகுப்பில் நன்றாகப் பாடும், தனியாகப் பாட்டுக்கு அனுப்ப வசதியில்லாத பிள்ளை எப்படியும் ஒன்றிரண்டு இருக்கும். பன்னிரண்டு வயது ஆகியிருந்தால் அந்தப் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். அங்குள்ள ஆசிரியர்களிடம் உங்கள் ஆய்வுப் பொருளைப் பற்றியும் பேசுங்கள். தவில் சொல்லிக்கொடுப்பவர் தாளத்தைப் பிள்ளைகள் உடம்பில் ஏற்றும் முறையை ஒரு மணி நேரம் பார்த்தாலே உங்களுக்கு நிறையக் கேள்விகள் வரும்.

சுருதியை ஆறு கட்டைக்கு ஏற்றிய பிறகு பின்வரிசைப் பிள்ளைகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்