களியும் பிதுக்கம்பருப்பும்

தஞ்சாவூரிலிருந்து ஓசூர் சிப்காட் வேலைக்கு வந்திருக்கிறோம். ஐப்பசியிலேயே குளிர் நடுக்குகிறது. சூடாகக் களி கிண்டினால் கட்டி கட்டியாகிறது. என்ன செய்யலாம்? தொட்டுக்கொள்ள எது நல்லது? – வாசகி, ஓசூர்

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கும் ஊர் அம்மா, குளிரத்தான் செய்யும். ராகி விளையும் மண்ணுக்கே வந்துவிட்டீர்கள், களியை விட்டுவிடாதீர்கள்.

ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர். முதலில் ஒரு கரண்டி மாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்து, உப்போடு கொதிக்கும் உலையில் விடுங்கள். மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். உடனே கிண்டக்கூடாது; கட்டி விழுவது அந்த அவசரத்தில்தான். சிறுதீயில் ஐந்து நிமிடம் மூடி வைத்து, மாவு வெந்ததும் துடுப்பால் அழுத்திக் கிண்டுங்கள். கையில் தண்ணீர் தொட்டு உருட்டினால் ஒட்டாது.

தொட்டுக்கொள்ள இப்போதைக்குக் கீரைக் கடைசல் போதும். கார்த்திகை பிறந்ததும் உழவர் சந்தையில் பச்சை அவரைக்காய் குவிய ஆரம்பிக்கும். மார்கழி, தையில் அதன் வாசமே தனி. கொட்டையை உரித்து இரவு ஊறவைத்து, காலையில் விரலிடுக்கில் பிதுக்கினால் தோல் கழன்று பருப்பு துள்ளி விழும். அதுதான் பிதுக்கம்பருப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், இதையே ‘இதுகிதபேளே’ என்பார்கள். தேங்காய், கொத்தமல்லி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்துவிட்டுக் குழம்பு வையுங்கள். குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். பிதுக்கும் வேலைக்கு வீட்டில் எல்லோரையும் உட்கார வையுங்கள். ஒருவராகச் செய்தால் விரல் நோகும்.