குறுக்கு விசாரணை ‘இல்லை’ என்று எழுதியாகிவிட்டது. இனி வழி உண்டா?

கேள்வி: 2021ல் மகள் திருமணத்துக்காகத் தெரிந்தவர் ஒருவரிடம் 6 லட்சம் ரூபாய் வட்டிக்கு வாங்கினேன். ஈடாக என் 80 சென்ட் தோட்டத்துக்குக் கிரைய ஒப்பந்தம் பதிவு செய்துகொண்டார். பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் 2023ல், கிரையம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட்டுவிட்டார். வாதி நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்த பிறகு, எங்கள் வக்கீல் சில வாய்தா வாங்கியிருக்கிறார். கடைசியில் ‘குறுக்கு விசாரணை இல்லை’ என்று எழுதி முடித்துவிட்டார்களாம். இப்போது எங்கள் தரப்புச் சாட்சியத்துக்கு வழக்கு இருக்கிறது. நான் பணம் கொடுத்ததைப் பார்த்த ஐந்து பேர் சாட்சி சொல்லத் தயார். இது போதுமா? எனக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். எனக்குப் பதிலாக மகன் சாட்சி சொல்லலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஐந்து பேரை எண்ணுவதற்கு முன் அந்த ஒருவரைக் கவனியுங்கள். வாதியை நீங்கள் குறுக்கு விசாரணை செய்யவில்லை. உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப்போவது இதுதான்.

2002 ஜூலை முதல், உரிமையியல் வழக்கில் முதல் விசாரணையைப் பிரமாண வாக்குமூலமாகவே தாக்கல் செய்கிறார்கள். வக்கீல் அலுவலகத்தில் நிதானமாகத் தட்டச்சு செய்த தாள் அது. அதில் தடுமாற்றம் இருக்காது. சாட்சி தன் வாயால் பேசுவது குறுக்கு விசாரணையில்தான். அதை விட்டுவிட்டால், அவர் எழுதிக் கொடுத்ததை நீங்கள் மறுக்கவில்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள இடம் ஏற்படும்.

வாதியிடம் கேட்க எவ்வளவோ இருந்தது. அன்றைக்கு அந்த ஊரில் சென்ட் என்ன விலை? வாங்குகிறவர் மூலப் பத்திரம் கேட்டாரா, வில்லங்கம் போட்டுப் பார்த்தாரா, நிலத்தை அளந்தாரா? மீதிக் கிரையத் தொகை எந்த வங்கியில், எந்தத் தேதியில் தயாராக இருந்தது? வழக்குக்கு முன் ஒரு நோட்டீஸாவது அனுப்பினாரா? உங்களைப் போல வேறு எத்தனை பேரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருக்கிறார்? குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 16(சி) பிரிவுப்படி, தான் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை வாதிதான் நிரூபிக்க வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு, கிரையம் செய்ய உத்தரவிடுவதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம் என்ற பழைய நிழல் உங்களுக்கு இல்லை. ஆகவே இந்தக் கேள்விகளின் கனம் கூடியிருக்கிறது. ‘இது கடனுக்கு ஈடு, விற்பனை அல்ல’ என்பதையும் வாதியின் முகத்துக்கு நேராக வைத்திருக்க வேண்டும். வைக்காமல் பிறகு நீங்கள் கூண்டில் ஏறிச் சொன்னால், யோசித்து உருவாக்கிய கதை என்பார்கள்.

எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தின் ஷரத்துகளை வாய்மொழியால் மாற்ற முடியாது என்கிறது சாட்சியச் சட்டத்தின் 92ஆவது பிரிவு. (உங்கள் வழக்கு, புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முந்தையது, பழைய சட்டம்தான் பொருந்தும்.) ஆனால் விற்கும் எண்ணமே இல்லாமல் பெயருக்கு எழுதிய ஆவணம் என்று காட்ட வாய்மொழிச் சாட்சியம் கொடுக்கலாம் என்று 1981லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு: எதிருரையில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத விஷயத்துக்கு எத்தனை சாட்சி வந்தாலும் பயனில்லை. உங்கள் எதிருரையில் அது இருக்கிறதா? தெரியாது, நகலை நீங்கள் அனுப்பவில்லை. ‘எழுதி முடித்துவிட்டார்களாம்’ என்கிறீர்கள். அந்த ‘களாம்’தான் எனக்குக் கோபமூட்டுகிறது. 2023ல் தொடங்கிய வழக்கு, 80 சென்ட் தோட்டம், நீங்கள் அடுத்தவர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வாய்தா தேதியை மகன் கைபேசியில் இ-கோர்ட்ஸ் செயலியிலேயே பார்த்திருக்கலாம். பணத்தை ரொக்கமாகக் கொடுத்தீர்களா, வங்கி வழியாகவா என்றுகூட எழுதவில்லை. ஒரு ரூபாய் வங்கிக் கணக்கு வழியாகப் போயிருந்தாலும் அந்தக் கணக்கு விவரம் ஐந்து சாட்சிகளைவிட உரக்கப் பேசும். சாட்சிகளுக்கு எண்ணிக்கை எதையும் சட்டம் விதிக்கவில்லை. ஐந்து பேரும் ஒரே பாடத்தை ஒப்பித்தால், எதிர்த்தரப்பு வக்கீல் தேதி, கிழமை, நோட்டுக் கட்டு என்று கேட்டே கலைத்துவிடுவார்.

வழி இருக்கிறது. வாதியை மறுபடி சாட்சிக் கூண்டுக்கு அழைக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 18, விதி 17, அதோடு பிரிவு 151 ஆகியவற்றின் கீழ் மனுப் போட வேண்டும். கே.கே. வேலுசாமி எதிர் என். பழனிசாமி (2011) தீர்ப்பு நம் மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன வழக்கில் வந்தது. அதுவும் கடனுக்கு ஈடாக எழுதிய ஒப்பந்தம் என்று பிரதிவாதி சொன்ன வழக்குதான். விதி 17 சாட்சியத்தில் உள்ள ஓட்டையை அடைப்பதற்கு அல்ல. நீதிக்குத் தேவையென்றால் 151ன் கீழ் சாட்சியத்தை மறுபடி திறக்கலாம். அலட்சியத்தை மறைக்கவோ இழுத்தடிக்கவோ போட்ட மனுவானால் கனமான செலவுத் தொகையோடு தள்ளலாம் என்கிறது அந்தத் தீர்ப்பு. எனவே மனுவில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் காரணம், மருத்துவச் சீட்டு, ஒரே நாளில் விசாரணையை முடிக்கிறோம் என்ற உறுதி எல்லாம் வேண்டும். ‘வக்கீல் சொல்லவில்லை’ என்ற ஒற்றை வரி எடுபடாது. மனு தள்ளுபடியானால் மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 227ன் கீழ் சீராய்வு மனு போடலாம். அது தனிச் செலவு.

மகன் தான் நேரில் பார்த்ததைச் சொல்லலாம். உங்கள் இடத்தில் நின்று சொல்ல முடியாது. பவர் கொடுத்தாலும் உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை அவர் சொல்ல இயலாது என்று 2004ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நீங்கள் ஏறாவிட்டால் உங்களுக்கு எதிராகவே ஊகிப்பார்கள். அதுவும் மற்ற சாட்சிகளுக்கு முன்பே நீங்கள் ஏற வேண்டும். நடக்க முடியாவிட்டால், வழக்கறிஞர் ஆணையர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யும்படி கட்டளை 26ன் கீழ் கேட்கலாம்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னது இது. வழக்குக் கட்டைப் பார்க்காமல் வெற்றி தோல்வி சொல்ல மாட்டேன். பிராது, எதிருரை, வாதியின் வாக்குமூலம் ஆகியவற்றின் நகல்கள், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றோடும் இந்த வாரமே உங்கள் வக்கீலை நேரில் பாருங்கள். அவர்மேல் நம்பிக்கை போய்விட்டதென்றால் ஆட்சேபணையில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வேறு வக்கீலை அமர்த்துங்கள். எப்படியானாலும் அடுத்த வாய்தாவுக்குள் மனு தாக்கலாகியிருக்க வேண்டும்.