வளர்ப்பு மீன்களில் தொற்றுநோய் பரவாது தடுத்தல்

வளவிலே சீமெந்துத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்த்துச் சிறிது மேலதிக வருவாய் பெற விரும்பும் கமக்காரர், மீன் வாங்குவதற்கு முன்னரே மீன்நோய்களைப் பற்றி அறிந்திருத்தல் அவசியமாகும். நோய் கண்ட நாற்றுமேடையிலிருந்து மிளகாய்க் கன்று பிடுங்கி நடுவோர் எவருமிலர். ஆனால் எங்கிருந்து வந்ததென்று தெரியாத மீனை மட்டும், பார்வைக்கு அழகாயிருக்கின்றதென்று வாங்கி, அன்றே தொட்டியில் விட்டுவிடுகின்றோம்.

இதனால் விளையக்கூடிய தீங்கைப் புண் நோயின் வரலாறு நன்கு காட்டும். இந்நோய் 1971 இல் யப்பானில் முதன்முதலாக அறியப்பட்டது. மறு ஆண்டு அவுஸ்திரேலியாவிலும், பின்னர் தென்கிழக்காசிய நாடுகளிலும் காணப்பட்டது. 1987 இன் இறுதியில் இலங்கையையும், 1988 இல் இந்தியாவையும் வங்காளதேசத்தையும் அடைந்தது. விரால் மீன்கள் உடலிலே ஆழ்ந்த சிவந்த புண்களுடன் ஏராளமாக மாண்டன. புண் கண்ட மீனை உண்ண மக்கள் அஞ்சியதால் நல்ல மீனும் விலைபோகவில்லை. இந்நோய் மனிதரைத் தொற்றுவதாக அறியப்படவில்லை. எனினும் புண்பட்ட மீனில் வேறு கிருமிகளும் குடியேறியிருக்கும் ஆதலின் அதனை விலக்குதலே நன்று. பல நாடுகளில் எடுத்த கிருமிகளை ஆராய்ந்தபோது அவை ஏறத்தாழ ஒரே வழித்தோன்றலாகக் காணப்பட்டன. நாட்டுக்கு நாடு கொண்டுசெல்லப்பட்ட உயிர்மீன்களோடு நோயும் பயணஞ்செய்தது என்பதே அறிஞர் கருத்து.

நோயை விளைவிப்பது அபனோமைசிசு எனப்படும், பங்கசை ஒத்த ஒரு நீர்வாழ் நுண்ணுயிர். அதன் வித்திகள் நீரிலே நீந்திச் சென்று, மீனின் தோலிற் கீறலோ சிறு காயமோ உள்ள இடத்திற் பற்றி, தசையினுள் வேரோடும். பெருமழை பெய்து நீர் குளிர்ந்து, அமிலத்தன்மை மிகும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி குன்றும். ஆகவே நம் பகுதியில் பெரும்போக மழைக்காலமே மிகவும் கவனத்துக்குரியது. விரால், கெளிறு, பனையேறிக் கெண்டை ஆகியனவும், அலங்கார மீன்களுள் குறாமி இனங்களும் இந்நோய்க்கு எளிதில் ஆளாவன. திலாப்பியா பெரும்பாலும் தாக்குண்பதில்லை.

புதிதாக வாங்கிய மீனைத் தனித்தொட்டியில் வைத்தலே தடுப்புமுறைகளுள் தலையாயது. குறைந்தது மூன்று வாரமாவது தனித்து வைத்தல் வேண்டும். நான்கு வாரமாயின் இன்னும் நன்று. வியாபாரியின் பையிலுள்ள நீரைத் தொட்டிக்குள் ஊற்றலாகாது. அதை வாய்க்காலிலும் கொட்டாது, வடிகாலுக்கு அப்பாலுள்ள உலர்ந்த மண்ணில் ஊற்றுக. தனித்தொட்டியின் நீருக்குப் பத்து இலீற்றருக்கு 30 கிராம் வீதம் கறியுப்புச் சேர்ப்பது பலவகை ஒட்டுண்ணிகளைக் கட்டுப்படுத்த உதவும். உப்பை ஒருமுறையே கொட்டாது, கரைத்துச் சிறிது சிறிதாக விடுக. நீர்ச்செடிகள் இதனைப் பொறா. ஒவ்வொரு நாளும் பழைய தொட்டிகளுக்கு முதலிலும் தனித்தொட்டிக்கு இறுதியிலும் இரையிடுக. இம்முறையை மாற்றினால் தனித்து வைத்ததன் பயன் கையாலேயே கெட்டுவிடும்.

இரை உண்ணாதிருத்தல், செதில் சிலிர்த்து நிற்றல், சுவரில் உராய்தல், உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளி, சிவந்த தடிப்பு என்பன தோன்றினால் அம்மீனைப் பிரதான தொட்டியிற் சேர்த்தலாகாது. வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனை விட்டு நீங்கி அடியிற் படிந்து பெருகுவதால், புள்ளி மறைந்தவுடன் நோய் நீங்கியதென்று எண்ணுதல் தவறு.

வலை, வாளி, குழாய் என்பவற்றை ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியே வைத்தல் சிறந்தது. இயலாவிடின், 5 சதவீத வெளிற்றுத் திரவம் 40 மில்லிலீற்றரைப் பத்து இலீற்றர் நீரிற் கலந்து அதிலே கால்மணி நேரம் ஊறவைத்து, நன்கு கழுவி, வெயிலிற் காயவிடுக. நுளம்புக் குடம்பிகளை அழிக்கவெனக் கிணற்றுக்குக் கிணறு கப்பி மீன் கொண்டுசெல்வோரும் தத்தம் வாளியைக் கழுவுதல் நன்று.

வயலோரத்தில் மண்குளம் வைத்திருப்போர், கல்லோயா வாய்க்கால் நீரை நேரே குளத்தினுள் விடலாகாது. மேல்வட்டையில் நோயுற்ற மீன் இருப்பின் அதன் வித்திகள் நீரோடு இறங்கும். பீடைநாசினி தெளித்த வயலின் கழிவுநீரும் மீனை நலிவித்து நோய்க்கு வழிசெய்யும். தெளிகருவியைக் குளக்கரையிற் கழுவும் வழக்கத்தைக் கட்டாயமாக விடவேண்டும். மழைக்கு முன்னரே வரம்பை உயர்த்தி, வெள்ளத்தோடு காட்டு மீன் உட்புகாதவாறு வலை கட்டுக. குளத்தை வற்றச்செய்து, சதுர மீற்றருக்கு 100 கிராம் வீதம் சுட்ட சுண்ணாம்பைத் தூவி, அடிமண் வெடிக்குமளவும் காயவிடுதல் வேண்டும். சுண்ணாம்பு கண்ணையும் கையையும் சுடும். மீன் உள்ள நீரில் இவ்வளவு இட்டால் மீனும் மாளும்.

ஆழ்ந்த புண் கண்டபின் புண் நோய்க்கு நம்பத்தக்க மருந்தில்லை. மனிதருக்கான நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளை நீரிற் கரைத்தல் பணவிரயமே. இறந்த மீன்களை உடனுக்குடன் அகற்றி, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தே சுண்ணாம்பிட்டுப் புதைக்குக. காகமும் நாயும் தோண்டாத ஆழம் வேண்டும். இரக்கத்தினாலோ சோம்பலினாலோ நோயுற்ற மீனை வாய்க்காலில் விடுவது, அயலவன் வயலில் வாழும் விராலுக்கும் அதை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கும் செய்யும் தீங்காகும். ஒரே நாளில் பல மீன்கள் இறப்பின், இறந்தவற்றைப் புதைக்கும் முன்னர், உயிருடன் நோயுற்றிருக்கும் இரண்டொரு மீன்களைத் தொட்டி நீருடன் பையிலிட்டு, தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் விரிவாக்க உத்தியோகத்தரிடம் காட்டுக.